மஞ்சளாகத் தெரிவது துரு இல்லை, தேய்க்காதீர்கள்

போன வாரம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி கறுப்பு பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் பிலிம் கேமரா ஒன்றை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். தாத்தா வைத்திருந்ததாம். "மூலையெல்லாம் துரு பிடிச்சிருந்துச்சுண்ணே. வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற கடையில குடுத்துப் புதுசாக்கிட்டேன். இப்ப ஸ்பீடு டயல் சுத்த மாட்டேங்குது" என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். டயலில் செதுக்கிய ஷட்டர் வேக எண்கள் பெயின்ட்டில் மூழ்கிவிட்டன. தேய்த்த தூள் பிலிமை நகர்த்தும் லீவரின் அச்சுக்குள் இறங்கி அரைத்துக்கொண்டிருந்தது.

இப்படி எத்தனை கேமராக்களைப் பார்ப்பது? ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் தேய்ந்த இடத்தில் மஞ்சளாகத் தெரிவது துரு இல்லை, பித்தளை. துருப்பிடிக்க இரும்பு வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். ஸ்பாட்மேட்டிக், நிக்கான் எஃப் போன்ற பழைய கறுப்பு கேமராக்களில் பித்தளைத் தகட்டின் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். விரல் படும் லீவர் நுனி, பையில் உரசும் மூலை, வார் வளையத்தின் ஓரம் ஆகிய இடங்களில் முதலில் தேயும். தினமும் எடுத்தால் தேயத்தான் செய்யும். குரோம் முலாம் போட்ட வெள்ளை பாடி கை உரசலை இன்னும் நன்றாகத் தாங்கும். பெயின்ட் போன இடத்தில் பித்தளை மங்கிப் பழுப்பாகும், அவ்வளவுதான். படத்துக்கு ஒன்றும் ஆகாது. சேகரிப்பவர்கள் அந்தத் தேய்மானத்துக்கே கூடுதல் விலை கொடுக்கிறார்கள்!

எல்லாம் உலோகம் என்றும் நினைக்காதீர்கள். 1976-ல் வந்த கேனான் ஏஇ-1-இன் மேல்மூடி, உலோகம் போலப் பூச்சிட்ட பிளாஸ்டிக். குத்துவிளக்கு துலக்குவதுபோல் துலக்கினால் பூச்சு போய்விடும்.

நம் கரையில் கேமராவைத் தின்பது உப்பு, அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். அந்தத் தம்பியின் கேமராவில் கறுப்புத் தோலை உரித்துப் பார்த்தேன். இரும்புத் திருகு அலுமினிய வார்ப்பைத் தொடும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பித்தளை ஓரத்தில் பச்சைக் களிம்பு. மேலே பளபளவென்று புதுப் பெயின்ட்! தோல் எங்காவது சின்னதாகப் புடைத்திருந்தால் அமுக்கி ஒட்டாதீர்கள், அடியில் இதுதான் இருக்கும். குரோமும் தப்பாது. முலாமில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும், உப்பு உள்ளே போய்ப் புள்ளிபுள்ளியாக அரிக்கும்.

தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போய் வந்தால் அன்று இரவே செய்யுங்கள். முதலில் மணலைப் புளோயரால் (கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) ஊதுங்கள்; மணலோடு துடைத்தால் பெயின்ட்டைக் கீறுவது நீங்கள்தான். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் துடையுங்கள், அடுத்து உலர்ந்த துணி. வெறும் உலர்ந்த துணி மட்டும் போதாது, உப்பு போகாது. கேமராவின் மேல் எதையும் ஸ்ப்ரே செய்யாதீர்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடி இறுகும் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கடல் தண்ணீரில் விழுந்துவிட்டால், தயவுசெய்து வெயிலில் காயவைத்து "ஓடுதே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பேட்டரியையும் பிலிமையும் எடுத்துவிட்டு அன்றைக்கே ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.