வெளியே கூட்டிப் போனால் அடக்கிக்கொண்டு, உள்ளே வந்து நனைக்கும் நாய்க்குட்டி

புதிதாகக் குட்டி வாங்கியவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்களில் காய்ச்சல், வாந்தியைவிட அதிகம் வருவது இதுதான்: "அரை மணி நேரம் வெளிய சுத்தினேன் சார், ஒண்ணுமே போகலை. கேட்டைச் சாத்திட்டு உள்ள வந்ததும் சோபா ஓரமாப் போயிடுச்சு. வேணும்னே பண்ணுதுங்க." சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் அபார்ட்மென்ட்டிலும் இதே பேச்சு, அம்மாபேட்டை தறி வீட்டிலும் இதே பேச்சு. கூடவே, "அடிச்சும் பார்த்துட்டோம், பயங்கரப் பிடிவாதம்" என்பார்கள்.

அடித்தால் குட்டி என்ன கற்றுக்கொள்கிறது என்று பாருங்கள். 'இந்தத் தரையில் போகக்கூடாது' என்பது அதற்குப் புரிவதில்லை. 'இவர் பார்க்கும்போது போனால் அடி விழும்' என்பது நன்றாகப் புரிகிறது. அதனால்தான் நீங்கள் வாரைப் பிடித்து நிற்கும்போது அடக்கிக்கொள்கிறது. உங்கள் கண் மறைந்ததும் கட்டிலுக்கு அடியில் போகிறது. எல்லாரும் பிடிவாதம் என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் பயம்தான். மூக்கை அதில் வைத்துத் தேய்ப்பதும் இதே வகை. அது போய்ப் பத்து நிமிஷம் கழித்துத் திட்டினால், எதற்குத் திட்டுகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. 'தப்பு பண்ணின முகம்' என்று நீங்கள் நினைப்பது, உங்கள் குரலைக் கேட்டுக் காதை மடக்கிப் பம்முவது, அவ்வளவே.

அடிக்காத வீட்டிலும் இது நடக்கும். காரணம், குட்டி வாசலில் சிறுநீர் விட்ட கையோடு அதை உள்ளே தூக்கிவந்து விடுகிறோம். ஒண்ணுக்குப் போனால் ஊர்சுற்றல் முடிந்தது என்று அது கணக்குப் போட்டுவிடுகிறது. போன பிறகு ஐந்து நிமிஷமாவது விளையாட விடுங்கள். பாராட்டும் தீனியும் அந்த இடத்திலேயே, முடித்த ஓரிரு நொடிக்குள் கிடைக்க வேண்டும். வேகவைத்த கோழித்துண்டு விரல்நக அளவு போதும். வீட்டுக்குள் வந்து பிஸ்கட் கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும்.

இடத்தையும் பார்க்க வேண்டும். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட வீடு, லேப்ரடார் குட்டி. மழை மாதங்களில் ஈரப் புல்லில் கால் வைக்கவே அதற்கு ஆகாது. தாழ்வாரத்தில் கிடந்த தேங்காய்நார் மிதியடியில்தான் எல்லாம். காலுக்குக் காய்ந்த புல் மாதிரி இருந்ததே காரணம். மிதியடியை எடுத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரம் சாய்த்து, அடியில் காய்ந்த மண் போட்டு, அதன் மூத்திரம் துடைத்த துணித்துண்டு ஒன்றையும் அங்கே போடச் சொன்னேன். அந்த வீட்டம்மா குடையோடு கூடவே நிற்பார். சில வாரங்களில் குட்டி தானாகப் பின்கதவில் போய் நிற்க ஆரம்பித்துவிட்டது.

கீழே சேலத்தில் பிரச்சினை தலைகீழ். மே மாத மத்தியானத்தில் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனால் பாதம் சுடும். குட்டி கதவை நோக்கித்தான் ஓடும். மாடியில் விடுவதானால் நிழலில் ஒரு மணல் தட்டு வையுங்கள். வெயில் காலத்தில் சிலர் செய்யும் இன்னொரு காரியம் ஆபத்தானது: ஒண்ணுக்குப் போகாமல் இருக்கட்டும் என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுகிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். சாப்பாட்டுக்கு நேரம் வையுங்கள், தண்ணீருக்கு வேண்டாம்.

எவ்வளவு நேரம் அடக்கும்? வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் உச்ச வரம்பு. 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம், அதுவும் சும்மா படுத்திருந்தால். விளையாடும்போது அதில் பாதிகூடத் தாங்காது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள்ளும், ஆட்டம் முடிந்ததும் தூக்கிப்போக வேண்டும். ஆடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்று தரையை மோந்து வட்டமடித்தால் யோசிக்காமல் தூக்குங்கள். ஓரளவு முழுக் கட்டுப்பாடு வர 4 முதல் 6 மாதம் ஆகும். பக், ஷிட்சு போன்ற சின்ன ஜாதிகளுக்கு இன்னும் தள்ளிப்போகலாம்.

குட்டியை எந்த வயதில் வாங்கினீர்கள் என்றும் கேட்பேன். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று மத்திய அரசின் 2017 விதிகளே சொல்கின்றன. ஆனாலும் கண் சரியாகத் திறந்து நடக்க ஆரம்பித்ததுமே கைமாற்றிவிடுகிறார்கள். மூன்று வார வயதிலிருந்தே, படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போய் மலஜலம் கழிப்பது குட்டிக்கு இயல்பாக வரும். கம்பிக் கூண்டில் அடைந்து வளர்ந்ததற்குத் தள்ளிப்போக இடம் ஏது? இப்படிப்பட்ட குட்டிக்கு மற்றவற்றைவிடப் பொறுமை அதிகம் வேண்டும்; படுக்கும் கூண்டை அசுத்தம் செய்யாது என்று நம்பிக் கூண்டில் விட்டு அடக்கப் பழக்குவது அதற்குச் சரிவராது.

பேப்பர் விரித்துப் பழக்குவது தவறில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்துங்கள். அதுவரை தாத்தா தன் பேப்பரைத் தரையில் வைக்காமல் இருப்பது நல்லது.

துடைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பினாயில் வாசனை நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. ஈரம் காயாத தரையில் நடந்து காலை நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது. மூத்திரத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடர் போட்டால் நெஞ்சைக் கமறும் வாயு கிளம்பும். பழைய துணியால் ஒற்றியெடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரால் துடையுங்கள். மார்பிள் தரையென்றால் வினிகர் வேண்டாம், பளபளப்பு போய்விடும். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும், மூத்திர வாடையைச் சிதைத்துப் போக்கும் என்சைம் திரவம் வாங்கிக்கொள்ளுங்கள். கால்மிதியையும் துவையுங்கள். தரையை மூன்று வேளை துடைத்துவிட்டு மிதியடியை மறந்துவிடும் வீடுகளே அதிகம்.

தடுப்பூசி முடியும் வரை தெருமுனை, பார்க், மற்ற நாய்கள் போகும் புல்தரை எதுவும் வேண்டாம். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. அதுவரை சொந்த காம்பவுண்டு அல்லது மாடிதான். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். குட்டிகளின் குடலில் இருக்கும் உருளைப்புழு, கொக்கிப்புழுவின் முட்டைகள் மண்ணில் சில நாளோ சில வாரமோ கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் அசட்டை கூடாது. பூச்சி மருந்து 3 மாத வயதுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

எல்லாம் சரியாகச் செய்தும் நிற்கவில்லை என்றால் உடம்பைப் பார்க்க வேண்டும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, முக்குவது, இரத்தம் கலந்து வருவது, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது: இவை சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், பெண் குட்டிகளில் அதிகம். தூக்கத்திலும் எப்போதும் கசிந்துகொண்டே இருந்தால் பிறவிக் கோளாறா என்று ஸ்கேன் பார்க்க வேண்டிவரும். வேலை முடிந்து அப்பா உள்ளே நுழைந்ததும் பம்மிக்கொண்டு ஒழுகவிடுவது வேறு விஷயம். அது சந்தோஷமும் படபடப்பும். குனிந்து கொஞ்சாமல், திட்டாமல் தாண்டிப் போய்விடுங்கள். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும்.

காட்ட வரும்போது காலையில் பிடித்த சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் கொண்டுவாருங்கள்; பிடித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் நல்லது. குட்டி எப்படி உட்கார்ந்து போகிறது என்று செல்போனில் ஒரு வீடியோவும் எடுத்துவந்தால், பாதிக் கேள்விகளை நான் கேட்கவே வேண்டியிருக்காது.