இழை: ஃபிலமென்ட்டுக்கு அம்மாப்பேட்டையிலேயே சொல் இருக்கிறது

முப்பரிமாண அச்சுப்பொறிக்குள் போகிற பிளாஸ்டிக் சுருளை ஃபிலமென்ட் என்கிறோம். லத்தீனில் ‘ஃபீலும்’ என்றால் நூல். அதன் வழிவந்த சொல் இது. சேலத்தில் அம்மாப்பேட்டைப் பக்கம் இதற்குத் தனியாகச் சொல் தேடவே வேண்டாம். பாவில் (நீளவாக்கு நூல்) எத்தனை இழை, ஊடையில் (குறுக்கு நூல்) எத்தனை இழை என்று தறிக்காரர்கள் நாள் முழுக்கச் சொல்வதுதான். பழைய குண்டு பல்புக்குள் இருந்ததும் மின்னிழையே.

இழைக்கு நகை என்றும் பொருள் உண்டு; சேயிழை, ஆயிழை எல்லாம் அப்படி வந்தவை. தச்சர் இழைப்புளியால் இழைப்பதோ மரத்தைச் சீவி எடுப்பது. அச்சுப்பொறி செய்வது நேர்மாறான வேலை: இழையை உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்க்கிறது. ஆகவே அடிட்டிவ் மேனுஃபேக்சரிங் என்பதைச் சேர்ப்பு உற்பத்தி என்பதே பொருந்தும். ‘கூட்டு உற்பத்தி’ என்றால் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து செய்த பொருள் என்றுதான் தோன்றும்.

கார்பன் கலந்த இழையில்தான் சொற்குழப்பம் கூடுகிறது. நைலானில் நறுக்கிய கார்பன் ஃபைபரை எடையில் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் கலப்பார்கள். ஃபைபரையும் இழை என்றே எழுதினால், ‘இழை முறிந்தது’ என்பதற்கு என்ன பொருள்? 1.75 மி.மீ. சுருளா, உள்ளே கிடக்கும் சுமார் 7 மைக்ரான் தடிமனுள்ள துணுக்கா? சுருளுக்கு இழை, துணுக்குக்குக் கரிநார் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

அந்தக் கரிநார் நானோ அல்ல. 7 மைக்ரான் என்பது 7,000 நானோமீட்டர்; நானோ என்று சொல்ல ஒரு பக்கமாவது 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கார்பன் நானோ குழாய் போன்றவை கலந்தால்தான் நானோ காம்போசிட். ‘நுண்’ணை மைக்ரோவுக்குக் கொடுத்துவிட்டோம் (நுண்ணோக்கி, நுண்ணுயிர்). எனவே நானோ காம்போசிட்டை மீநுண் கூட்டுப்பொருள் எனலாம். கொதிநீரில் மரவள்ளி மாவைக் கொட்டினால் கட்டி தட்டுவதுபோல இந்தக் குழாய்களும் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரண்ட இடத்தில்தான் விரிசல் தொடங்கும். அதனால் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கிப் பிதுக்கும் எந்திரம்) நன்றாகப் பிசைந்த பிறகே இழையாக இழுக்க வேண்டும்.

கரிநார் இழைக்கு, உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் அச்சுப்பொறி முனை பித்தளையில் இருந்தால் ஆகாது. நார் அராவித் துளை பெரிதாகிவிடும். கடினப்படுத்திய எஃகு முனை, 0.6 மி.மீ. துளை நல்லது, 0.4-இல் அடைப்பு அடிக்கடி வரும். நைலான் ஈரம் குடிக்கும். ஏற்காட்டு மூடுபனியில் சுருளை இரவெல்லாம் திறந்து வைத்தால், மறுநாள் 250 டிகிரியில் அந்த ஈரம் ஆவியாகி முனையில் படபடவென்று பொரியும். பொருளின் மேல்புறம் கொப்புளமாக வரும். 70 முதல் 80 டிகிரியில் 8 மணி நேரமாவது உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைத்தே அச்சிடுங்கள். முடிந்த பொருளைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும். நார்த்தூசி மூச்சோடு போகக் கூடாது.

முனை ஓடும் திசையிலேயே நாரெல்லாம் படுத்துவிடும். ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாண்டாது. பாவு ஓடியும் ஊடை விழாத தறி மாதிரிதான். அடுக்குகளுக்கு நடுவே வெறும் நைலான் பிடிப்பு மட்டுமே இருக்கிறது. ஒரு கொக்கியை நிற்கவைத்து அச்சிட்டால் பாரம் தொங்கியதும் அடுக்கு பிளந்து கழன்றுவிடும். அதே கொக்கியைப் படுக்கவைத்து அச்சிட்டால் நார் வளைவோடு ஓடி, இழுப்பைத் தாங்கும்.