பிக்கப் வண்டிக்கு ஹெவி டியூட்டி கிளட்ச் தேவையா?

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்குக் கிளட்ச் வேலைக்குப் பஞ்சமே இல்லை. உரமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய், கேரட்டும் முட்டைக்கோஸுமாக இறங்கி வருகிற பொலிரோ பிக்கப், தோஸ்த் வண்டிகள்தான் அதிகம். வருகிறவர்களில் பலர் கேட்பது இதுதான்: "அண்ணா, இந்தத் தடவை ஹெவி டியூட்டியா ஒண்ணு போட்டுருங்க. செராமிக்குன்னு ஏதோ வருதாமே?"

போடலாம். ஆனால் பழைய கிளட்ச் ஏன் போனது என்று பார்த்துவிட்டுப் போடுவோம்.

கிளட்ச் தாங்க வேண்டியது இன்ஜின் தரும் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை. பொலிரோ பிக்கப்பின் 2523 சிசி டீசல் இன்ஜின் 200 நியூட்டன் மீட்டருக்குப் பக்கம் தருகிறது. ஒரு டன் ஏற்றினாலும் இரண்டு டன் ஏற்றினாலும் அதற்கு மேல் தரப்போவதில்லை. கம்பெனி கிளட்ச் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும்படிதான் வருகிறது. அப்புறம் ஏன் கருகுகிறது? சூடுதான் காரணம். வண்டி கிளம்பும்போது கிளட்ச் பிளேட்டும், இன்ஜினோடு சுற்றுகிற ஃப்ளைவீல் சக்கரமும் ஒரே வேகத்துக்கு வரும்வரை உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சில நொடிகளில்தான் பிளேட்டின் உரசும் பரப்பான லைனிங் தேய்கிறது. லோடு கூடினால் அந்த நேரமும் நீளும். ஃபர்ஸ்ட் கியரை விட்டு செகண்டில் எடுக்கிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். செகண்டில் வண்டி ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு வேகத்துக்கு வந்த பிறகுதான் உரசல் நிற்கும். சூடு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், சமதளத்திலேயே அது மூன்று மடங்காகிவிடும். மே மாதக் கூட்டத்தில் குன்னூர் ரோட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல், பாதிக் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிற்கிறவருக்கு எந்தக் கிளட்ச் போட்டாலும் கருகத்தான் செய்யும்.

கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பெடலில் ஃப்ரீ பிளே, அதாவது மிதிக்கத் தொடங்கும்போது சும்மா இறங்குகிற கொஞ்ச தூரம், இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் ஸ்லிப் அடித்துக்கொண்டே இருக்கும். அட்ஜஸ்ட்மெண்டிலேயே சரியாகிப் போகிற வண்டியும் உண்டு. அடுத்து, ஆள் இல்லாத சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நான்காவது கியரில் போட்டு, பெடலை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் போய்விட்டது. ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற லைனிங்கும் போய்விடும்.

இறக்கிய பிறகு பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். லைனிங் ரிவெட் வரை சீராகத் தேய்ந்திருந்தால் அது தன் ஆயுளை முடித்திருக்கிறது. அதே தரத்தில் புதிது போட்டால் போதும். ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தால் ஓட்டும் முறையிலோ ஓவர்லோடிலோ கோளாறு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜினின் பின் ஆயில் சீலோ கியர்பாக்ஸ் சீலோ ஒழுகுகிறது. அதை மாற்றாமல் எவ்வளவு விலை உயர்ந்த செட் போட்டாலும் காசு வீண். அந்தக் கருப்புத் தூசியை மட்டும் ஏர் அடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

சரி, செராமிக் லைனிங் போட்ட பிளேட் எப்படி? சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் சுவிட்ச் போட்டதுபோல் டக்கென்று பிடிக்கும். மண்டியில் மூட்டை அடுக்கிய மேடைக்கு அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுக்க வேண்டிய வண்டிக்கு அது தினமும் தொல்லை. அந்த உதறல் எல்லாம் பின் சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகிற யூஜே கிராஸுக்கும் கிரவுன் பினியனுக்கும் போகும். ஈசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டரை ட்யூன் செய்து டார்க்கை ஏற்றியவர்களுக்குப் பலமான கிளட்ச் உண்மையிலேயே வேண்டும். அவர்களுக்கும் என் யோசனை, வழக்கமான ஆர்கானிக் லைனிங்கோடு, அதை ஃப்ளைவீலில் அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் மட்டும் அழுத்தம் கூடியதாக. பெடல் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். பெரிய டயர் மாட்டியவர்களுக்கு இன்னொரு விஷயம்: டயர் பெரிதானால் கியர் நீண்டதற்குச் சமம், கிளம்பும்போது சூடு கூடும்.

வாடகை வண்டிக்கு நான் போடுவது கம்பெனித் தரத்திலான முழு செட்தான். பிளேட், பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவேன். பேரிங்கில் மிச்சம் பிடித்தால், அது கத்த ஆரம்பிக்கும்போது கியர்பாக்ஸ் இறக்கும் கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்து, முகத்தைச் சமப்படுத்த வேண்டும். இரண்டு பகுதியாக, நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் வருகிற வண்டிகளுக்கு இது பொருந்தாது. கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வேறு வேறு இன்ஜின் வந்திருக்கிறது. பழைய பிளேட்டைக் கொண்டுபோய் விட்டத்தையும் நடுத்துளையில் இருக்கும் ஸ்ப்ளைன் பற்களையும் ஒத்துப் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் நேராக லோடு ஏற்ற அனுப்பாதீர்கள். முதல் 500 கிலோமீட்டர் காரமடை, அன்னூர் பக்கம் குறைந்த லோடில் ஓடட்டும். சீசன் வாடகை போகிறதே என்று அன்றைக்கே மலை ஏற்றினால், லைனிங் படிவதற்குள் மேல்பரப்பு கருகி வழவழப்பாகிவிடும். கருகின பிளேட்டுக்கு வாரண்டியும் தரமாட்டார்கள்.