விளக்கைக் கொடுத்தவர்கள் ஆட்டையும் கொடுத்தார்கள்

பிப்ரவரி கடைசி வாரம் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. வரி, கணக்கு முடிப்பு என்று வரும் அழைப்புகளுக்கு நடுவே ஒன்றாவது இப்படி இருக்கும்: "சார், சி.எஸ்.ஆர். பணம் பதினெட்டு லட்சம் அப்படியே நிற்கிறது. மார்ச் 31-க்குள் எங்கே கொடுக்கலாம், சொல்லுங்கள்." கோவையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆடிட்டராக இருக்கிறேன். இப்படிக் கேட்பவர்களில் பலரும் நல்ல மனம் உள்ளவர்கள்தான். ஆனால் பதினொரு மாதம் நினைவுக்கு வராத ஊரும் பள்ளியும் பன்னிரண்டாவது மாதத்தில் அவசரமாகத் தேவைப்படுகின்றன. அந்த அவசரத்தில் கொடுத்த பணம் பிறகு என்ன ஆகிறது என்பதை நேரில் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சி.எஸ்.ஆர். என்றதும் காவல் நிலையத்தில் புகாருக்குத் தரும் ரசீது சிலருக்கு நினைவுக்கு வரலாம். நான் சொல்வது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆவது பிரிவில் இதைக் கட்டாயமாக்கியது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் ஒரு கம்பெனியின் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிவிட்டால் போதும். கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மூன்று ஆண்டுகளில் 4, 6, 8 கோடி லாபம் என்றால் சராசரி 6 கோடி, செலவிட வேண்டியது 12 லட்சம். இது கம்பெனிகளுக்கு மட்டுமே. எவ்வளவு பெரிய கூட்டு வணிக நிறுவனமாக இருந்தாலும் இந்தச் சட்டம் அதைத் தொடாது. திருப்பூரிலும் கரூரிலும் இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

எதற்குச் செலவிடலாம் என்பதைச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை சொல்கிறது. கல்வி, மருத்துவம், குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல் என்று அது நீளும். சொந்தத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் செய்வது இதில் சேராது. அரசியல் கட்சிக்குக் கொடுப்பது சேராது. கம்பெனி பெயரை விளம்பரப்படுத்தும் மாரத்தான் ஓட்டமும் சேராது.

இனி அந்தப் பள்ளிக்கு வருகிறேன்.

நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளி அது. ஒரு கம்பெனியின் பழைய சி.எஸ்.ஆர். பணிகளை நேரில் பார்த்து அறிக்கை தரச் சொன்னார்கள். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் கொடுத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வராந்தாவின் கோடியில் அது நின்றது. மேலே கருங்கல் பலகை, பொன் எழுத்துகள், கம்பெனியின் பெயர், திறந்துவைத்தவரின் பெயர், தேதி. யாரோ தினமும் துடைக்கிறார்கள், பலகையில் தூசி இல்லை. இயந்திரத்தின் குழாயில் ஒரு துணி சுற்றிக் கட்டியிருந்தது. மின்கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் பிளாஸ்டிக் குடம், ஒரு சில்வர் டம்ளர். ஒரு சிறுமி வந்து குடத்திலிருந்து மொண்டு குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

தலைமையாசிரியை குறையாக எதையும் சொல்லவில்லை. "முதல் வருஷம் நன்றாக ஓடியது சார். அப்புறம் வடிகட்டி மாற்ற வேண்டும் என்றார்கள். எட்டாயிரம் ரூபாய். அதற்கு எங்களிடம் எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. இரண்டு தடவை நானே கைக்காசு போட்டேன்" என்றார். நானே போட்டேன் என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி அந்த ஆண்டின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். விலைப்பட்டியல், பணம் செலுத்திய சான்று, திறப்பு விழாப் படங்கள், பள்ளி கொடுத்த நன்றிக் கடிதம், எல்லாம் ஒழுங்காக இருந்தன. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. அந்தக் கோப்பில் என் கையெழுத்தும் இருந்தது. அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. எதைக் கொடுக்கிறீர்கள் என்று இப்போது கேட்பதில்லை. இரண்டாவது ஆண்டு இதை யார் ஓட்டுவார் என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கான, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கான, கொடைகள் வரிசையாக வருகின்றன. விளக்கு எரிய வேண்டும் என்று விரும்பியவர் விளக்கோடு நின்றுவிடவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகளையும் கொடுத்தார். அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கிழடாகிச் சாகும் ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும், எண்ணிக்கை குறையாது, விளக்கும் அணையாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொடையைக் கல்லில் வெட்டியவர்கள் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே வெட்டினார்கள். நாமும் கல்லில்தான் வெட்டுகிறோம். நம் கல்லில் பெயர் மட்டும் இருக்கிறது.

எங்கள் ஊரிலேயே 1926-இல் பீளமேட்டின் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்கள். உடன்பிறந்தவர் ஒருவருக்குச் சேர வேண்டியதைப் போலவே ஊருக்கும் ஒரு பங்கு. அன்று எந்தச் சட்டமும் அவர்களைக் கேட்கவில்லை.

இன்றைய விதிகளில் அப்படியே செய்ய முடியாது என்பது உண்மை. 2021 ஜனவரி 22-இல் வந்த திருத்தங்களுக்குப் பிறகு, ஓர் அறக்கட்டளையின் நிரந்தர மூலதன நிதிக்கு, அதாவது முதலைத் தொடாமல் அதன் வருமானத்தில் பணி நடத்தும் நிதிக்கு, கொடுக்கும் பணத்தைச் சி.எஸ்.ஆர். செலவாகக் காட்ட முடியாது. ஆட்டைக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நெய்யைக் கொடுக்க வழி இருக்கிறது. 'தொடரும் திட்டம்' என்று ஒன்றை இயக்குநர் குழு அறிவிக்கலாம். தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மேலும் மூன்று ஆண்டுகள் வரை அது நீளலாம். அந்த ஆண்டில் செலவாகாமல் மிஞ்சிய பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் அதே திட்டத்துக்குச் செலவழிக்கலாம். இயந்திரம் வாங்குவதோடு மூன்று ஆண்டு வடிகட்டிச் செலவையும், பழுது பார்ப்பவரின் கூலியையும் திட்டத்திலேயே எழுதிவிடலாம்.

இது தெரிந்தும் பலர் தயங்குகிறார்கள். 'செலவாகாத சி.எஸ்.ஆர். கணக்கு' என்ற பெயரே அவர்களுக்குக் குற்றப் பட்டியல் போலத் தெரிகிறது. ஆடிட்டர் அறிக்கையில் இதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும் ஒரு காரணம். முறையாக ஒதுக்கிய பணத்தில் அவமானம் ஒன்றும் இல்லை. சட்டம் தண்டிப்பது வேறொன்றை. தொடரும் திட்டம் இல்லாமல் பணத்தை வைத்திருந்தால் ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், ஏழாவது அட்டவணையில் உள்ள அரசு நிதிகளில் ஒன்றுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் அந்தத் தொகையைப் போல் இரு மடங்கு அல்லது ஒரு கோடி ரூபாய், எது குறைவோ அது கம்பெனிக்கு அபராதம். பொறுப்பில் உள்ள அதிகாரிக்கும் தனியே உண்டு.

மார்ச் அவசரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இடைத்தரகர் என் அறைக்கு வந்தார். ஒரு அறக்கட்டளையின் பெயரைச் சொல்லி, "நூறு கொடுத்தால் எண்பது ரொக்கமாகத் திரும்பிவிடும், ரசீது நூறுக்கு" என்றார், காய்கறி விலை சொல்வதைப் போல. வெளியே அனுப்பினேன். ஆனால் அவர் அடுத்த அறைக்குப் போயிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த எண்பதில் ஒரு பள்ளியின் கழிப்பறை இருக்கிறது, ஒரு கிராமத்தின் மருந்து இருக்கிறது. இப்போது கட்டுப்பாடு கூடியிருக்கிறது. கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணத்தை வாங்கிப் பணி செய்யும் அறக்கட்டளைகள் 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கொடுத்த பணம் சொன்ன வேலைக்குத்தான் போனது என்று கம்பெனியின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்றில் கையெழுத்திடுபவர் ஒரு முறையாவது அந்த ஊருக்குப் போய்ப் பார்த்திருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

லாபத்தில் 2 சதவீதம் கொடுப்பது சரி. மீதி 98 சதவீதம் எப்படி வந்தது என்ற கேள்வி அதைவிடப் பெரியது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்பது நம் நாட்டின் சட்டம் என்று சொன்னது. நொய்யலில் சாயக்கழிவு ஓடியதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அந்த நாட்களில் வேலையிழந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆற்றுக்கு வந்த கேடும் அவர்களுக்கு வந்த கேடும் ஒரே இடத்தில் பிறந்தவை. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு இயக்குநர் என்னிடம், ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவைச் சி.எஸ்.ஆரில் எழுதலாமா என்று கேட்டார். கூடாது. வேறொரு சட்டப்படி செய்தே தீர வேண்டிய கடமையைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் காட்ட விதிகள் அனுமதிப்பதில்லை. தான் கொட்டிய அழுக்கைத் தானே அள்ளுவதற்குத் தானம் என்று பெயர் வைக்க முடியாது.

தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. கம்பெனிக்காரர்கள் வந்து என்ன வேண்டும் என்று கேட்டால், கூச்சப்பட்டு "எதுவானாலும் சரி" என்று சொல்லிவிடாதீர்கள். தேவையை எழுதுங்கள், அதன் மூன்றாண்டுச் செலவையும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகவும் பள்ளியின் தேவையைத் தெரிவிக்கலாம். தொழிற்சாலை இருக்கும் ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்வதால், உங்கள் பகுதியில் எந்தக் கம்பெனிகள் இயங்குகின்றன என்று முதலில் பாருங்கள். ஆலையே இல்லாத ராமநாதபுரத்துக் கிராமம் என்ன செய்யும் என்று கேட்டால், முன்னுரிமை என்பது வேலி இல்லை என்பதே என் பதில். அங்கேயும் கொடுக்கலாம். கொடுக்கச் சொல்லி நான் வற்புறுத்திக்கொண்டும் இருக்கிறேன். எந்தக் கம்பெனி எவ்வளவு செலவிட்டது என்பது மத்திய அரசின் சி.எஸ்.ஆர். இணையதளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சென்ற மாதம் அந்தத் தலைமையாசிரியையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, பள்ளி நோட்டுத் தாளில் அவரே கோடு போட்டு எழுதியது. புதிய இயந்திரம் கேட்கவில்லை. வடிகட்டி, மின்கட்டணம், கழிப்பறையைக் கழுவும் பெண்ணுக்கு மாதச் சம்பளம், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 2,46,000 ரூபாய் என்று கூட்டிக் காட்டியிருந்தார். கீழே, "பெயர்ப் பலகை ஏற்கெனவே இருக்கிறது" என்று ஒரு வரி. அந்தக் கடிதத்தை ஜூலை மாத இயக்குநர் குழுக் கூட்டத்துக்கான கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.