தேய்ந்த காசு வேறு, தேய்ந்த டை வேறு

சிங்கத்தின் முகம் மழுங்கிய ஒரு ரூபாய்க் காசைப் படமெடுத்து அனுப்பி, "அரிய எரர் காயின் (அச்சடிப்பில் பிழையான காசு), எவ்வளவு போகும்?" என்று கேட்பவர்கள் குறைந்தபாடில்லை. ஒரு ரூபாய் போகும். பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்வார்கள்.

மழுக்கம் மூன்று விதமாக வரும். அச்சடிக்கும்போது அடி முழுதாக விழாமல் போயிருக்கலாம். டை, அதாவது காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சு, தேய்ந்திருக்கலாம். கைமாறிக் கைமாறிக் காசே தேய்ந்திருக்கலாம். மூன்றும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்துப் பார்க்கத் தெரியும்வரை 'எரர்' என்ற சொல்லை தயவுசெய்து எடுக்காதீர்கள்.

10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) ஒன்றும் ஒற்றை மேசை விளக்கும் போதும். டியூப்லைட் ஆகாது; வெளிச்சம் நாலாபக்கமும் பரவிப் பளபளப்பின் ஓட்டத்தை மறைத்துவிடும். மேசையில் துண்டை விரித்து, காசை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, விளக்கடியில் மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத காசில் ஒளிக்கீற்று வண்டிச்சக்கர ஆரம் போலச் சுற்றிவரும். அந்தக் கீற்று நடுச்சிங்கத்தின் மூக்கிலும் மார்பில் தொங்கும் பிடரி மயிரிலும் ஏறும்போது கவனியுங்கள். ஏறியதும் அணைந்து, அந்த மேடு மட்டும் வழவழப்பாக, மங்கிய நிறத்தில் தெரிந்தால் அது தேய்மானம். கீற்று தடையில்லாமல் தாண்டிப் போகிறது, ஆனால் பிடரி மயிர்க் கோடுகளைக் காணோம் என்றால் லூப்பை வையுங்கள். பொடிக் குழிகளும் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கீறல்களும் அங்கே இருக்கும். அது அடிபடுவதற்கு முன் வெற்று வில்லைக்கு, அதாவது உருவம் பதியாத வட்டத் தகட்டுக்கு, இருந்த தோல். டையின் ஆழம்வரை உலோகம் ஏறவில்லை, அதனால் தோல் நசுங்காமல் தப்பிவிட்டது. வீக் ஸ்ட்ரைக் (அரைகுறை அடி) என்பது இதுதான்.

டை தேய்ந்திருந்தால் எழுத்துகளின் ஓரம் கூர்மை போய், விளிம்பை நோக்கி இழுபட்டது போலிருக்கும். வெற்றுப் பரப்பில் நடுவிலிருந்து வெளியே கதிர்கதிராக வரிகள் ஓடும். பளபளப்புக்குக் குறைவிருக்காது, சொல்லப்போனால் சற்று முரட்டுப் பளபளப்பாகவே இருக்கும்.

ஸ்டீல் காசுகளில் இதெல்லாம் சகஜம். 1992 முதல் வந்த 4.85 கிராம் ஒரு ரூபாயும் சரி, 2011 வரிசையின் 3.79 கிராம் ஒரு ரூபாயும் சரி, குரோமியம் கலந்த ஃபெரிட்டிக் ஸ்டீல். அழுத்த அழுத்த இறுகுகிற உலோகம், டையைச் சீக்கிரம் தின்றுவிடும். அழுத்தத்தைக் கூட்டலாமே என்றால் டையே விரிசல் விடும். ஆகவே 9 கிராம் குப்ரோநிக்கல் (செம்பு, நிக்கல் கலவை) ஐந்து ரூபாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டீல் காசைப் பழிக்காதீர்கள். ஸ்டீலை ஸ்டீலோடுதான் ஒப்பிட வேண்டும். இரட்டை உலோகப் பத்து ரூபாயில் வளையமும் நடுவில்லையும் வெவ்வேறு விதமாக நெகிழும். இணைப்புக் கோட்டுக்கு அருகே உருவம் மங்கினால் அதையும் பெரிதுபடுத்த வேண்டாம். (அந்தக் காசையே செல்லாது என்று திருப்பிக் கொடுத்த ஊர் நம்முடையது. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவிக்க வேண்டியிருந்தது.)

பொறுமையைச் சோதிப்பது மின்ட் மார்க், அதாவது காசு எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி, விவகாரம். ஆண்டுக்குக் கீழே மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு ஒன்றும் கிடையாது. இந்தப் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம், வினையும் அங்கேதான். டையில் அந்த வைரம் ஒரு துளிக் குழி. அதில் கிரீஸும் உலோகத் தூளும் அடைத்தால் காசில் வைரம் விழாது. உடனே "கொல்கத்தா, கிடைக்காத ஆண்டு" என்று விலை ஏறும். நட்சத்திரத்தின் முனைகள் அடைபட்டு உருண்டையானால் அது 'நொய்டா' ஆகிவிடும்! குறி இருக்க வேண்டிய இடத்தை விளக்குக்குச் சாய்த்துப் பாருங்கள். பாதி அடைப்பு என்றால் லேசான மேடும் அதன் நிழலும் தெரியும். அருகிலுள்ள இலக்கத்தின் அடிப்பகுதியும் பல நேரம் சேர்ந்தே மங்கியிருக்கும். முழு அடைப்பு என்றால் மேடும் இருக்காது. அப்போது ஆண்டு இலக்கங்களின் வடிவம், இடைவெளி, விளிம்பிலிருந்து உள்ள தூரம் மூன்றையும் சந்தேகமில்லாத கொல்கத்தா காசோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லையா, பேரம் பேச வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

'டபுள் டை' (டையிலேயே உருவம் இரட்டையாகப் பதிந்தது) என்று விற்பவையும் அப்படியே. எழுத்தின் பக்கவாட்டில் தட்டையாக, படிக்கட்டு போல ஒரு தளம் ஒட்டியிருந்தால், அடி விழுந்த கணத்தில் டை அசைந்திருக்கிறது. அதற்குத் தனி விலை கிடையாது. உண்மையான இரட்டை டையில் இரண்டு உருவமும் மேடாக இருக்கும், எழுத்து தடித்து அதன் முனை பிளந்திருக்கும்.

அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஐந்து சென்ட் காசில் மாளிகைப் படிகள் முழுதாக விழுந்திருக்கின்றனவா என்று எண்ணியே தரம் பிரிக்கிறார்கள். நம் காசுகளுக்கு அப்படி ஊரறிந்த அளவுகோல் இல்லை, நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். ஒரே மதிப்பு, ஒரே ஆண்டு, ஒரே மின்ட், புழங்காத காசு பத்து சேருங்கள். நடுச்சிங்கத்தின் முகம், பீடத்துக் குதிரையின் கால்கள், சக்கரத்தின் ஆரங்கள், 'சத்யமேவ ஜயதே' எழுத்துகள், இந்த நாலு இடத்தை மட்டும் பார்த்து நல்லதிலிருந்து மட்டமானதுவரை வரிசைப்படுத்துங்கள். மறுநாள் கலைத்து மறுபடி அடுக்குங்கள். வரிசை மாறினால் கண் இன்னும் பழகவில்லை, வாங்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

புளி, விபூதி, பல்பொடி எதுவும் காசுக்கு அருகில் வரக்கூடாது. தேய்த்தால் அந்த வில்லைத் தோலும் ஒளிக்கீற்றும் போய்விடும். அப்புறம் அது வீக் ஸ்ட்ரைக்கா தேய்மானமா என்று எந்த லூப்பும் சொல்லாது. இணையத்தில் வாங்குவதாக இருந்தால் நேராக ஒன்று, சாய்த்து ஒன்று, விளிம்பு ஒன்று என்று ஃப்ளாஷ் இல்லாமல் மூன்று படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். உங்கள் வைஷ்ணோ தேவி (அம்மன் உருவம் போட்ட) காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்பவனுக்கு ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்த மோசடி அது.

அடுக்கிய பத்தில் முதல் காசை மைலார் (பாலியெஸ்டர்) உறையில் போடுங்கள். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். மீதி ஒன்பதையும் பால்காரரிடம் கொடுத்துவிடலாம்.