கூடுகாவி: ஒரு பூச்சிக்குப் பெயர் தேடியது

அக்காவின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். நீர்ப்பூச்சிகள் பற்றிய அவளுடைய ஒப்படையில் ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு மை. "மாமா, கூடு கட்டுற புழுவைக் கூட்டுப்புழு எண்டுதானே சொல்லோணும்? அதில என்ன பிழை?"

அவள் எழுதியது ஆங்கிலத்தில் 'கடிஸ் ஈ' என்று வழங்கும் பூச்சியைப் பற்றி. தமிழ்க் காதில் 'கடிஸ்' என்றதும் கடிக்கிற ஈ என்றுதான் விழும். அது கடிக்காது, ஈயும் அல்ல. பார்வைக்கு அந்துப்பூச்சி போல இருக்கும். இரவில் வெளிச்சத்துக்கு வந்து, இறகைக் கூரை மாதிரி மடித்து உட்காரும். கடிஸ் என்பது பழைய ஆங்கிலத்தில் ஒருவகைக் கம்பளி நூலுக்கும் நாடாவுக்கும் பெயர். அவற்றை விற்ற நடை வியாபாரிகள் மாதிரித் துண்டுகளைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்களாம். புழுவும் அப்படித்தான் கண்டதையெல்லாம் மேலில் ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு விளக்கம். கதை அழகு, ஆனால் அகராதிக்காரர் இதற்கு முத்திரை குத்தவில்லை.

உயிரியல் வகைப்பாட்டில் இந்தப் பூச்சிகள் சேரும் வரிசையின் பெயர் டிரைக்கோப்டெரா. கிரேக்கத்தில் மயிர், இறகு என்ற இரு சொற்கள் சேர்ந்தது. 1813இல் வில்லியம் கிர்பி வைத்தார். இறகில் வண்ணத்துப்பூச்சிக்குச் செதில், இதற்கு மயிர். இரண்டும் மிக நெருங்கிய உறவு. அது செதிலிறகி என்றால் இது மயிரிறகி. சொல் சரி, வகுப்பறையில் சொல்லிப் பாருங்கள், கடைசி வாங்கு முழுக்கச் சிரிக்கும்.

உண்மையான வேலைக்காரன் புழுதான். கீழுதட்டருகே சுரக்கும் பட்டு நூல் தண்ணீருக்குள்ளேயே ஒட்டும். அதைக்கொண்டு மணல், சருகு, குச்சி, சில வேளை நத்தை ஓடு எல்லாவற்றையும் கோத்துத் தன்னைச் சுற்றி ஒரு குழல் கட்டுகிறது. வளர வளர முன்பக்கம் நீட்டும். வால் நுனியில் இரண்டு கொக்கிகள். அவற்றால் குழலைப் பிடித்து இழுத்தபடி தலையும் காலும் மட்டும் வெளியே தெரிய நடக்கும். உப்புவெளிக் கரையில் சங்குக்குள் ஒளிந்து ஓடும் நண்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நடை பிடிபடும். நண்டு இருப்பது இரவல் வீடு, இது தானே கட்டியது. இந்த வரிசையில் எல்லாப் புழுவும் வீடு காவுவதில்லை. சில, கல்லில் வலை கட்டி, ஓடிவரும் நீரில் இரை பிடிக்கும்.

சரி, 'கூண்டுப்புழு' என்றால்? அந்தப் பெயரை நெல் எடுத்துக்கொண்டுவிட்டது. தம்பலகாமத்தில் பெரியப்பாவின் வயலில் வரம்போரம் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன்: சின்னவிரல் கணு நீளத்துக்கு, சுருட்டிய நெல்லிலைத் துண்டுகள் தண்ணீரில் மிதக்கும். ஒன்றை எடுத்து நகத்தால் பிரித்தால் உள்ளே வெளிறிய பச்சைப் புழு நெளியும். அது அந்துப்பூச்சியின் புழு. நீரில் மூச்செடுப்பதால் வயலை வடியவிட்டாலே அடங்கும். கூடு காவுகிற பழக்கம் ஒன்றுதான், வரிசை வேறு. எனக்கு 'கூண்டு' என்ற சொல்லிலும் மனமில்லை. கூண்டு கிளிக்கும் குற்றவாளிக்கும். வெசாக் வெளிச்சக்கூடு மாதிரி, கூட்டிச் சேர்த்துக் கட்டுவது கூடு.

அப்படியானால் கூட்டுப்புழு ஏன் பிழை? நம் பாடநூல்களில் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்பது வரிசை. மூன்றாவது பருவத்தின் பெயரை இரண்டாவதற்கு வைத்துவிட்டாள். குடம்பி என்ற சொல்லைப் பார்த்தால் குறளின் 'குடம்பை தனித்துஒழியப் புள்பறந் தற்றே' நினைவுக்கு வரும். குடம்பைக்குக் கூடு என்றும் முட்டை என்றும் உரை சொல்வார்கள். 'குடம்பைப்புழு' என்று வைக்க எனக்குக் கொஞ்சம் ஆசைதான். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

"நுளம்பை நோய்க்காவி எண்டுறம். இது கூட்டைத்தானே காவுது? கூடுகாவி எண்டு எழுதட்டா?"

தண்ணீர்க்குடம் காவுகிற, பிள்ளையைக் காவுகிற நம் ஊர்ப் பேச்சு. விஞ்ஞானப் பாடத்திலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற சொல். வரிசைக்கு மயிரிறகி, பூச்சிக்குக் கூடுகாவி என்று முடிவாயிற்று. வெட்டுப்பட்ட பந்தியை அவள் திரும்ப எழுதினாள்: "கூடுகாவியின் குடம்பி வளர்ந்து முடிந்ததும் கூட்டின் வாயை அடைத்து, உள்ளேயே கூட்டுப்புழுவாகிறது."