குட்டை வெட்டும் முன் கலுங்குக்கு இடம் பாருங்கள்

ஐப்பசி மழைக்குச் சில வாரங்களே இருக்கின்றன. சிவகங்கைப் பக்கம் இந்த நாட்களில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான்: "சார், நாளைக்கு பொக்லைன் வருது, எத்தனை அடி ஆழம் வெட்டலாம்?" குட்டை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

மண் கரையின் தலைமேல் தண்ணீர் ஏறி வழிந்தால் சில மணி நேரத்திலேயே கரையை அறுத்துவிடும். அதனால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழியான கலுங்கின் மட்டம் கரைத் தலையைவிட 2 அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். அதைப் புதுக் கரைக்கு நடுவில் வைக்காதீர்கள். கரை முடியும் ஓரத்தில், கை வைக்காத பழைய கெட்டி நிலத்தில் அகலமாக வெட்டிப் புல் பிடிக்க விடுங்கள். புது மண் அமுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சரியாக இறுக்காத 10 அடிக் கரை 1 அடி வரை இறங்கிவிடும்.

உயரத்தைவிட நான் அதிகம் பயப்படுவது கரைக்குள் போகும் குழாய்க்குத்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் சிறு பள்ளத்தை மறித்து 7 அடிக் கரை போட்டோம். அடுக்கடுக்காக நீர் தெளித்து நன்றாகத்தான் இறுக்கினோம். பிறகு பாசனக் குழாய் வைக்க ஓரிடத்தில் கரையை வெட்டி மூடினார்கள். மூடிய மண்ணில் திமிசு, அதாவது மண்ணை இடித்து இறுக்கும் கட்டை, விழவில்லை. அன்று நான் அங்கே இல்லை. மறுநாள் மேலாகப் பார்த்துச் சரி என்றுவிட்டேன். அது என் தவறு.

கார்த்திகையில் குட்டை முக்கால்வாசி நிரம்பியிருந்தது. விடியற்காலையில் தோட்டத்துப் பெரியவர் அழைத்தார்.

"சார், குழாய்ப் பக்கம் கசியுது."

"தெளிவா வருதா ஐயா, கலங்கலா வருதா?"

கையில் ஏந்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காப்பித் தண்ணி மாதிரி இருக்கு."

நான் போய்ச் சேர்ந்தபோது குழாயை ஒட்டி ஒரு குடம் நுழையும் அளவுக்கு ஓட்டை. மதியத்துக்குள் கரை பிளந்து, கீழ் வயலின் நெற்பயிர் முழுவதும் வண்டலுக்குள் போய்விட்டது.

கரையடியில் தெளிந்த நீர் லேசாகக் கசிந்தால் கண் வைத்திருந்தால் போதும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்து வழி உண்டாகிறது. ஒரு நிமிடமும் யோசிக்காமல் கலுங்கை ஆழப்படுத்தியோ மோட்டார் வைத்தோ நீர்மட்டத்தை இறக்குங்கள். கீழே யாரையும் நிற்க விடாதீர்கள். குழாய் வேண்டுமென்றால் கரை போடும் முன்பே கெட்டித் தரையில் பதித்து, சுற்றிலும் ஈரக் களிமண்ணை அரையடி அரையடியாகக் கையால் இடிக்க வேண்டும். சின்னக் குட்டைக்கு என் யோசனை, குழாயே வேண்டாம். கரைக்கு மேலாக மோட்டாரில் இறைத்துக்கொள்ளலாம்.

மண்ணைச் சோதிக்க, ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டுங்கள். பென்சில் கனத்துக்கு உடையாமல் திரியாக வந்தால் கரைக்கு ஆகும். உதிர்ந்தால் வேறு இடத்துக் களிமண்ணைக் கரையின் நடுவில், அஸ்திவாரம் வரை இறக்கியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஆடு மாடுகளை ஓட்டி மிதிக்கவைத்தார்கள். பொக்லைன் வாளியால் இரண்டு தட்டு தட்டுவது அதற்கு ஈடாகாது.

100 அடிக்கு 100 அடி, 5 அடி ஆழம் என்று நேர்க்குத்தாக வெட்டினால் 14 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி உள்ளே தள்ளிச் சரிவு விட்டால் 12 லட்சம். அந்த 2 லட்சத்துக்கு ஆசைப்படாதீர்கள். நேர்க்குத்தான கரை சரியும், தவறி விழுந்த பிள்ளை ஏறவும் முடியாது. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டை இன்னும் ஆபத்து. பாசி படிந்தால் நீச்சல் தெரிந்த பெரியவருக்கே கால் நிற்காது. சுற்றிலும் வேலி போடுங்கள், நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தண்ணீர்வரை தொங்கட்டும்.

பள்ளத்தை மறிக்க நினைப்பவர்கள் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்படத்தைப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் கை வைக்காதீர்கள். அது கீழே யாரோ ஒருவர் கண்மாய்க்கான வரத்து.

அந்தப் பெரியவரின் கரையை மறு வருடம் குழாய் இல்லாமல் கட்டினோம். திமிசு நின்ற கடைசி நாள்வரை நான் அங்கேயே இருந்தேன். கலுங்கு ஓடிய அன்று அவரே அழைத்தார்: "தண்ணி தெளிவாப் போகுது சார்."